ஹென்னிக்கு முன்னூறு மீட்டர் பாக்கி

முப்போட்டிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள்; அவர் பேச்சைக் கேட்காமல் தப்புவது கஷ்டம். குளிர்ந்த கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்தி, கரையேறி, தலைகூடத் துவட்டாமல் சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்து, இறங்கிய காலோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, யாரும் வற்புறுத்தாமல் தானே பணம் கட்டிப் பெயர் கொடுப்பவர் அவர். இதில் ஜெயித்துப் பரிசு வாங்குகிறவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் ஓடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது இருநூற்றுப் பதினான்காவதாக வருகிறவரை. அவர் வீட்டுக்குப் போகமாட்டார்.

எங்கள் கடலோர ஊர் டாஸிபாயின் கிளப்பில் இந்த இனத்தில் முப்பத்தொரு உருப்படி உண்டு. பதினோரு வருஷமாக நானும் அங்கே உறுப்பினன், ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. என் மனைவி சேர்ந்தாள், நான் வண்டி ஓட்டினேன். பிறகு அவள் புத்தி தெளிந்து விலகிவிட்டாள், நான் விலக மறந்துவிட்டேன். போட்டியன்று உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கை ஓடுகிறவர்கள் கையில் திணிப்பது என் வேலை. அந்த மேஜைக்குப் பின்னால் நின்றால் மனித சுபாவம் நன்றாகத் தெரியும்.

முப்போட்டிக்காரரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். சௌக்கியம் என்று பதில் வராது. "காலைல எழுந்திரிச்சப்போ நாடி நாற்பத்தொம்பது" என்று வரும். சைக்கிளில் ஐம்பது கிராம் குறையும் என்று தண்ணீர்ப் புட்டி மாட்டும் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார்பனில் வேறு வாங்கி மாட்டுவார். இடுப்பைச் சுற்றி ஆறு கிலோ தொங்கும், அதைக் கழற்றத்தான் எந்தக் கடையிலும் ஸ்பேனர் கிடைப்பதில்லை. காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கால் முடியை மழிப்பார். முதுகு முடி அப்படியே இருக்கும். கை எட்டாது.

போட்டிக்கு முந்தின வாரம் முழுக்க நோய் விசாரிப்பு.

"என்னப்பா, தயாரா?"

"எங்கே! இடது முட்டி போச்சு. சும்மா தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு."

"எனக்கு நெஞ்சு பூரா சளி. ஜாலிக்குத்தான் வர்றேன்பா."

இப்படி ஜாலிக்கு வந்தவர்கள்தான் மறுநாள் விடியற்காலையில் ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறி, மூக்கில் முழங்கையால் இடித்துக்கொண்டு நீந்துகிறார்கள்.

ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் வெறும் முன்னுரை. முப்போட்டிக்காரர் உயிர் வாழ்வது நாலாவது போட்டிக்காக. அதற்கு எங்கள் கிளப்பில் 'விளக்கம்' என்று பெயர். போட்டி முடிந்து மத்தியானம் கடற்கரையில் கரி அடுப்பு மூட்டி, கறியும் தொத்திறைச்சியும் வாட்டும்போது, ஏன் தாமதமாக வந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்லலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஆட்களுக்கு இந்துமாக் கடலே கோணல். முன்பெல்லாம் இதற்கு வரைமுறை கிடையாது. ஒரு வருஷம் ஹென்னி பூய்சன் தன் சைக்கிள் பஞ்சரான வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த ஆட்டுக்கறி அத்தனையும் கரியாகிவிட்டது. அன்றைக்கே கிளப் தலைவர் டெஸ்மண்ட் ஃபோர்டுயின் முட்டை வேகவைக்கும் மணல் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து சட்டம் போட்டார்: ஆளுக்கு மூன்று நிமிஷம், மணல் தீர்ந்தால் உட்கார வேண்டும். ஒரே ஒரு விலக்கு. கிளப்பில் முதலாவதாக வருகிறவருக்கு மட்டும் மணல் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், மற்றவர்கள் எழுந்து போகக்கூடாது.

இந்த விலக்குதான் ஹென்னியின் உயிரை வாங்கியது. ஹென்னிக்கு நாற்பத்தொன்பது வயது. காப்பீட்டுக் கம்பெனிக்காக இடிந்த வீட்டையும் நசுங்கிய காரையும் அளந்து பார்த்துச் சேதம் எவ்வளவு என்று எழுதுகிற உத்தியோகம். அளக்கிறவன் கை சும்மா இருக்குமா? தூங்குவதை அளப்பார், தும்முவதை அளப்பார். அவர் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் செயற்கைக்கோளோடு பேசும். அவர் தன் மனைவியிடம் அவ்வளவு பேசுவதில்லை. அந்தக் கடிகாரத்தில் பதியாத தூரம் அவரைப் பொறுத்தவரை ஓடாத தூரம். ஒருமுறை அது அணைந்துபோனது தெரியாமல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, சாயங்காலம் திரும்பவும் அதே பன்னிரண்டை ஓடினார்.

மூன்று வருஷமாகக் கிளப்பில் இவர் இரண்டாவது. முதலாவது யார் என்கிறீர்கள்? நொமபேலு ம்குதா. எங்கள் ஊர் மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தேழு. ஊரே அவரை மேட்ரன் என்றுதான் கூப்பிடும். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டவர். கடிகாரம் கட்டுவதில்லை. போன வருஷம் ஓட்டத்தின் நடுவே என் மேஜையில் நின்று, கிழங்கை நிதானமாக மென்றுகொண்டே, "மணி என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தோற்றதைக்கூட ஹென்னி பொறுத்துக்கொண்டார். அந்த அம்மாள் கையில் கிடைத்த முடிவில்லாத நேரத்தை அவர் செலவழித்த விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷமும் எழுந்து நின்றார், "நல்லா இருந்துச்சு. சாப்பிடலாமா?" என்றார், உட்கார்ந்தார்.

"மூணே வார்த்தை!" என்று ஹென்னி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். "அநியாயமா இல்ல? அந்த நேரத்தை என்கிட்ட குடுத்திருந்தா! பஞ்சரைப் பத்தியே நான் இன்னும் முழுசாச் சொல்லல, தெரியுமா?"

இந்த வருஷம் எப்படியும் ஜெயிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். பதினொரு மாதம் பீர் தொடவில்லை. மாமியார் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தன் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போனார். விளக்க உரையைக் கார் ஓட்டும்போது சத்தமாக ஒத்திகை பார்த்ததாக அவர் மனைவி சொன்னாள்.

போட்டி நாள் வந்தது. தென்கிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது. புறப்படுமுன் டெஸ்மண்ட் ஒலிபெருக்கியில் கத்தினார்: "கவனிங்க! அலை அதிகமா இருக்கு. ஓட்டத்துல பாறை முனையைச் சுத்தப் போகாதீங்க, முன்னாடியே திருப்பிவிட்டிருக்கோம். ஓட்டம் முன்னூறு மீட்டர் கம்மி!" யார் கேட்டது? எங்கள் முப்பத்தொரு பேரில் முப்பது பேர் குனிந்து கடிகாரத்தில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஹென்னி, சொல்லக்கூடாது, நன்றாகவே போனார். கடலிலிருந்து மேட்ரனுக்கு முன்னால் வந்தார். டோமினி மேடு, அதாவது பாதிரியார் மேடு, என்று எங்கள் ஊரில் ஓர் ஏற்றம் உண்டு. சாமி இல்லை என்கிறவனும் அங்கே சைக்கிளில் ஏறினால் ஆண்டவனைக் கூப்பிடுவான் என்பதால் பாதிரியார் பேரை வைத்தார்கள். அதிலும் அவர் இறங்கித் தள்ளவில்லை. ஓட்டம் முடிய நானூறு மீட்டர் இருக்கையில், என் மேஜைக்கு வந்தபோது முகம் அவித்த பீட்ரூட்டாக இருந்தது.

"மேட்ரன் எங்கே?"

"கண்ணுக்கெட்டின தூரத்துல காணோம். போய்யா, போ! இந்தத் தடவை உனக்குத்தான்!"

மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான்! அவர் போனார். முடிவுக் கோட்டுத் தோரண வளைவை நெருங்கினார். கூட்டம் கை தட்டியது. வளைவுக்குப் பத்தடி இருக்கும்போது மணிக்கட்டைப் பார்த்தார்.

நின்றுவிட்டார்.

கடிகாரத்தில் இருபது புள்ளி எட்டு. இருபத்தொன்று புள்ளி ஒன்று வந்திருக்க வேண்டும். வாசகரே, நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? பத்தடி ஓடிப் படுத்துக்கொள்வோம். ஹென்னி சேதம் அளக்கிறவர். முன்னூறு மீட்டர் குறைந்த ஓட்டம் முழு ஓட்டமா? கோட்டைத் தாண்டிய பிறகு ஓடினால் அது போட்டிக் கணக்கில் சேருமா? நாளைக்கு ஊருக்கெல்லாம் போனில் அனுப்பும்போது இருபது புள்ளி எட்டு என்று அல்லவா விழும்? கண்ணுக்கே தெரியாத மேட்ரன் குறைந்தது மூன்று நிமிஷம் பின்னால். முன்னூறு மீட்டருக்கு இரண்டு நிமிஷம் போதும். கணக்கு சரியாக இருந்தது. சட்டென்று திரும்பி என் மேஜையை நோக்கி ஓடி வந்தார்.

"ஐயா, ஐயா! கோடு இந்தப் பக்கம் இருக்கு!" என்று டெஸ்மண்ட் ஒலிபெருக்கியில் அலறினார்.

"தெரியும்டா! பாக்கி இருக்கு!"

நூற்றைம்பது மீட்டர் வந்தார், திரும்பினார். திரும்பிய இடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று, ஐயோ அப்பா என்று, இரண்டு கையாலும் காலைப் பிசைந்தார். அப்போது மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு மேட்ரன் வந்தார். என்னிடம் ஒரு கிழங்கு வாங்கிக்கொண்டார். ஹென்னி பக்கத்தில் வந்ததும் நடையைத் தளர்த்தினார்.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சுட்டியா?"

"இருபத்தொண்ணு... ஒண்ணு... ஆகணும் மேட்ரன்!"

"கால்ல உப்பு கம்மி. இந்தா, இதைத் தின்னு," என்று பாதிக் கிழங்கை அவர் வாயில் வைத்துவிட்டு ஓடினார். வளைவைத் தாண்டினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். ஹென்னியின் வாய்க்குக் கிழங்காவது எட்டியது. நாலு நிமிஷம் கழித்து அவரும் நொண்டி நொண்டிக் கோட்டைத் தொட்டார். கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். சரியாக இருபத்தொன்று புள்ளி ஒன்று. விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

மத்தியானம் விளக்கம். மேட்ரன் எழுந்தார். எல்லோரும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டோம், மூன்று வார்த்தைக்கு மேல் ஆகாது என்று.

"என் நேரத்தை ஹென்னிக்குக் குடுக்கறேன்" என்றார்.

"மேட்ரன்! ஐயோ, கறி ஆறிடும்!" என்று டெஸ்மண்ட் பதறினார்.

"ஆறட்டும். மூணு வருஷமா இந்தப் பிள்ளை தவிக்கிற தவிப்பை நான் பாக்கறேன். பேசி முடிச்சாத்தான் அவனுக்கு உடம்பு சரியாகும்."

ஹென்னியின் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்றார். விடியற்காலையில் குடித்த கஞ்சியிலிருந்து ஆரம்பித்தார். கடலுக்குள் இறங்குவதற்கே இருபது நிமிஷம் ஆயிற்று. டோமினி மேட்டில் ஏறி, பழைய பஞ்சரையும் வழியில் பார்த்துவிட்டு, இறங்கி, ஒருவழியாக அந்தப் பத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

"சொல்லுங்க. என் இடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நான் சுற்றிலும் பார்த்தேன். இருபத்தொன்பது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருபத்தொன்பது பேர் உதடும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவரவர் மூன்று நிமிஷத்தை அவரவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்ரன் மட்டும் அசையவில்லை. தட்டு மடியில் இருக்க, நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார்.

"யாராவது கேட்டீங்களா?" என்றார் ஹென்னி.

"கேட்டோம், கேட்டோம். பிரமாதம். அடுத்தது யாரு?" என்று டெஸ்மண்ட் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். ஏழு கைகள் ஒன்றாக உயர்ந்தன.

ஹென்னி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறிப்போன தொத்திறைச்சியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "நீயாவது கேட்டியா?"

"ஒரு வார்த்தை விடாம" என்றேன். பொய். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே காற்று என் மேஜையை அப்படியே தூக்கிக் கடலில் போட்டதே, அதை யாரிடமும் இதுவரை சரியாகச் சொல்லவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாவம், கேட்டிருக்கலாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் கடலில் விழுகிறவரில்லை, சைக்கிள் மிதிப்பவரில்லை, உங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சரிதான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஹென்னி பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் மனசு எங்கே இருந்தது? 'இதென்ன பெரிசு, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான்' என்று ஆரம்பிக்கவில்லையா? உதடு லேசாக அசையவில்லையா? அவசரப்படாதீர்கள், உங்கள் முறை வரும். நான் இன்னும் அந்த மேஜை பறந்ததைச் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.