மூன்று ஹாரன்

முன்பின் தெரியாத ஜனங்கள் எனக்குக் கை காட்டியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு காலையில்தான். நானும் பதிலுக்குக் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

எங்க அப்பா தாராவியிலிருந்து மாட்டுங்கா வரைக்கும் சைக்கிளில் போய் இட்லி விற்றவர். பின்னால் இட்லி டப்பா, முன்னால் சாம்பார் தூக்குச்சட்டியும் சட்னி வாளியும், கைக்கு வாகாக ஒரு ரப்பர் ஹாரன். இரண்டு தடவை அமுக்கினால் வாடிக்கைக்காரர்களுக்கு. நீளமாக மூன்று அமுக்கினால் வீட்டு ஆட்களுக்கு. சட்னி தீர்ந்துபோச்சு, எடுத்துக்கிட்டு ஓடி வா என்று அர்த்தம். சின்ன வயதில் அந்த மூன்றைக் கேட்டால் எச்சில் கையோடு ஓடுவேன். காலேஜ் போனதும், அதே சத்தம் கேட்டால் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவேன். (கூடப் படித்தவர்களிடம் அப்பாவுக்குக் கேட்டரிங் பிசினஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். பெரிய துரை நான்.)

பிறகு ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை, கூடவே தொப்பை. குறைக்கிறேன் பேர்வழி என்று காலையில் ஓட ஆரம்பித்தேன். ஷூவுக்கு முன்னாடி இயர்போன் வாங்கினேன். மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். பாவி, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அப்பாவும் அதே ரோட்டில்தான் வருவார் என்பதால் அவருக்கு முன்னாடியே கிளம்பிவிடுவேன். அன்றைக்கு எழுந்திருக்க நேரமாகி, அவருக்குக் கொஞ்சம் முன்னால்தான் கிளம்பினேன்.

மாட்டுங்காவில் ஓடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு காதிலும் பாட்டு. எதிரே பூக்கார அம்மா கையைத் தூக்கி ஆட்டினாள். பால்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் ஆட்டினார்கள். ஆகா, ஓடுகிறவனை எப்படி உற்சாகப்படுத்துகிறார்கள் என்று பூரித்துப்போனேன். எல்லாருக்கும் கையை ஆட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு வேகத்தை வேறு கூட்டினேன்.

ஒரு டாக்சிக்காரர் குறுக்கே வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, என் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பின்பக்கம் காட்டினார். அப்போதுதான் கேட்டது. நீளமாக இரண்டு. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது.

சைக்கிள் சாய்ந்து ரோடெல்லாம் சாம்பார். அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு கை நெஞ்சில், ஒரு கை ஹாரனில். என்னைக் காட்டி "மேரா பேட்டா, மேரா பேட்டா", என் மகன் என்று போகிற வருகிறவரிடமெல்லாம் இந்தியில் சொல்லியிருக்கிறார். நான் வருஷக்கணக்காக மறைத்து வைத்தது ஒரு நிமிஷத்தில் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

அந்த டாக்சியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இருதயம் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்கு இன்னும் ஆறவில்லை. இனிமேல் சைக்கிள் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் அப்பா வாய் திறந்து அம்மாவிடம் சொன்ன முதல் விஷயம் இதுதான்: "உம் மவன் எலெக்சன்ல ஜெயிச்ச எம்.எல்.ஏ. கணக்கா ஊருக்கெல்லாம் கையக் காட்டிட்டுப் போறான். ஓட்டுப் போட்டவன் நான் பின்னால கெடக்கேன்." பக்கத்துப் படுக்கைக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா டீ வாங்கப் போனதும், கோபமாப்பா என்று கேட்டேன்.

"கேக்கலன்னுதானலே வரல. கேட்டிருந்தா ஓடி வந்திருப்ப. எனக்குத் தெரியாதா?"

அந்தச் சந்துகளைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போதும் ஓடுகிறேன், காதில் எதுவும் இல்லாமல். அந்த ஹாரன் எங்கள் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. சாப்பாடு ஆனதும் அம்மா அதை எடுத்து நீளமாக அமுக்கி, "எம்.எல்.ஏ. சாப்பிட வரலாம்" என்பாள். என் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள். மூன்றாவது முடிவதற்குள் நான் போய் நின்றுவிடுவேன்.