இருபத்து நான்கு டிகிரியில் அப்பவே சார்

நடந்து முடிந்ததை முன்கூட்டியே சொல்லிவிடும் அபூர்வ சக்தி படைத்தவர்கள் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். மேசை ஓரத்தில் இருக்கும் கண்ணாடி டம்ளர் கீழே விழும் வரை வாயே திறக்க மாட்டார்கள். விழுந்து, உடைந்து, சில்லுகள் நாலாபக்கமும் சிதறி ஓய்ந்த அடுத்த நொடி நிமிர்ந்து உட்கார்ந்து, "அதை அங்க வைக்கும்போதே நினைச்சேன்" என்பார்கள். நினைத்தவர் கையை நீட்டி நகர்த்தி வைத்திருக்கலாமே என்கிறீர்களா? கூடாது. நகர்த்தினால் டம்ளர் உடையாது. உடையாத டம்ளரை வைத்துக்கொண்டு என்ன தீர்க்கதரிசனம் சொல்வது?

இந்த வகையின் தேர்ந்த மாதிரி ஒருவரைப் பார்க்க வேண்டுமா? ஏரித் தண்ணீரைச் சுத்தப்படுத்தி ஊருக்கு அனுப்பும் நிலையத்தின் ஆய்வகத்துக்கு வாருங்கள். மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் குனிந்திருக்கிறாரே, அவர்தான். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை எண்ணுவது அவருடைய வேலை. இருபத்தேழு வருடமாக எண்ணுகிறார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் அப்பவே சார்.

பம்ப் மோட்டார் புகைந்தால், அது உறுமின உறுமலிலேயே அவருக்கு அப்பவே தெரியும். குமாஸ்தாவின் மகள் காதல் கல்யாணம் செய்துகொண்டால், அந்தப் பெண் போனில் சிரித்த சிரிப்பிலேயே அப்பவே தெரியும். வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால், சமையலறை வாசலில் வந்து நின்று அதையும் சொல்வார்.

"பொங்குறதுக்கு முன்னாடி சொன்னா அடுப்பை அணைப்பேன்" என்பார் அவர் மனைவி. "பொங்கின பிறகு சொல்றதா இருந்தா, துடைக்கிற துணியையாவது கையோட எடுத்துட்டு வாங்க."

காரியம் நடப்பதற்கு முன்னால் கேட்டால்? "பாப்போம்" என்பார். "ரெண்டு மாதிரியும் ஆகலாம்" என்பார். ரொம்ப நெருக்கினால் "உம்" என்பார். அந்த "உம்" இருக்கிறதே, அதைப் பின்னால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி அவருடைய பாசிகள். ஏரியில் மூன்று குடித்தனங்கள், சமையலறை ஒன்றே ஒன்று. கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் டயாட்டத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில்தான் சுறுசுறுப்பு. பச்சைப்பாசிக்கு மிதமான சூடு போதும். நீலப்பச்சைப்பாசியோ குளிரில் சோம்பிக் கிடக்கும், தண்ணீர் சூடேற ஏறத் துள்ளி எழும். யாரும் யாரையும் கடிப்பதில்லை, அடிப்பதில்லை. எது வேகமாகப் பெருகுகிறதோ அது சாப்பாட்டைக் காலி செய்துவிடும். தினமும் இரட்டிப்பாகும் பாசி பத்தே நாளில் ஒன்று ஆயிரமாகும்; இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாவது முப்பத்திரண்டோடு நிற்கும். போர் அவ்வளவுதான். நீலப்பச்சை ஜெயித்தால் மட்டும் ஊர்க் குழாயெல்லாம் மண்வாடை வீசும். அதில் சில வகை நஞ்சும் கக்கும்.

போன கோடையில் அது ஜெயித்தது. ஊர் கூடித் திட்டியது. அப்போதிருந்த ஆய்வக அதிகாரியை இரவோடு இரவாக வேறிடத்துக்குத் தூக்கி அடித்தார்கள். வழியனுப்பு விழாவில் டீயை உறிஞ்சியபடி அப்பவே சார் சொன்னார்: "வெயில் ஏறும்போதே நினைச்சேன்." அந்த மாதம் முழுக்கத் தினமும் எண்ணிக்கொண்டிருந்தவர் யார்? அவர்தான்.

இந்தக் கோடைக்குப் புது அதிகாரி. முப்பது வயதுப் பெண், வந்து நாலு மாதம். அவள் ஒரே ஏரித் தண்ணீரை மூன்று ஜாடிகளில் ஊற்றி, ஒன்றைப் பதினெட்டு டிகிரியிலும், ஒன்றை இருபத்து நான்கிலும், ஒன்றை முப்பதிலும் வைத்தாள். நாலாம் நாள் பதினெட்டு டிகிரி ஜாடி பழுப்பேறியது: டயாட்டம். முப்பது டிகிரி ஜாடியில் நீலப்பச்சை ஆடை கட்டியது. நடு ஜாடி மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் வெளிறிக் கிடந்தது. ஏரியின் மேல்தண்ணீர் அன்றைக்குச் சரியாக இருபத்து நான்கு டிகிரி.

மதியம் தலைமைப் பொறியாளர் போன் செய்தார். "இன்னும் பத்து நாளைக்கு இதே வெயில்தானாம். நாலு மணிக்குள்ள சொல்லணும். மேல் மதகா, கீழ் மதகா?"

மேல் மதகு திறந்திருந்தால் ஏரியின் மேல்தண்ணீர் வரும், கூடவே மேலே மிதக்கும் பாசியும் வரும். கீழ் மதகுக்கு மாற்றினால் அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் வரும்; பாசி வராது, ஆனால் இரும்புக் கறை வரும். ஊரின் வெள்ளைச் சட்டைகள் பழுப்பாகும். வீணாக மாற்றினால் வசவு. மாற்றாமல் விட்டு நாற்றமெடுத்தால், முன்னவர் போன வழியில் அவளும் போக வேண்டியதுதான்.

அவள் அப்பவே சாரின் மேசைக்கு வந்தாள்.

"சார், நடு ஜாடியில யார் ஜெயிப்பாங்க?"

"ரெண்டு மாதிரியும் ஆகலாம் மேடம்."

"மூணு பேர் இருக்காங்க சார்."

"மூணு மாதிரியும் ஆகலாம்."

கையெழுத்து வாங்க வந்திருந்த பம்ப் ஆபரேட்டர் கதவில் சாய்ந்து சிரித்தார். "என்ன மேடம் நீங்க? சார் அடுத்த வாரம் கரெக்டா சொல்லிடுவார். இன்னைக்கே கேட்டா பாவம், அவர் எங்க போவார்?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "இதுல எழுதுங்க சார். தப்பாப் போனா நான் பாத்துக்கறேன். ஆனா இப்பவே எழுதுங்க."

அப்பவே சார் பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

அவரும் ஒரு காலத்தில் முன்னால் சொன்னவர்தான். ஆறு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த தம்பி மனைவியிடம், "வெள்ளிக்கிழமை அவன் நடந்தே வீட்டுக்கு வருவான் பாரு. நான் சொல்றேன்" என்று அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தது. தம்பி வரவில்லை. அதற்குப் பிறகு நாளையைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்றுதான் பத்திரமான இடம். அங்கே யாரும் சாவதில்லை.

நடு ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். டயாட்டம் நாற்பது, பச்சை முப்பத்தொன்று, நீலப்பச்சை வெறும் பன்னிரண்டு. பார்ப்பவர்கள் டயாட்டத்துக்கு மாலை போட்டுவிடுவார்கள். ஆனால் நேற்று டயாட்டம் முப்பத்தெட்டு, பச்சை இருபத்தெட்டு என்பதும், நீலப்பச்சை ஆறு, முந்தாநாள் மூன்று என்பதும் அவருக்கு நினைவிருந்தது. கடைசியில் நிற்பவன்தான் ஓடிக்கொண்டிருந்தான்.

"நீலப்பச்சை ஜெயிக்கும். கீழ் மதகுக்கு மாற்றவும்" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மூன்று நாற்பது என்று நேரமும் போட்டார். போட்டுவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினார். அன்றிரவு தூங்கவில்லை, அடுத்த ஆறு இரவும் சரியாகத் தூங்கவில்லை.

பத்தாம் நாள் நடு ஜாடி முழுக்க நீலப்பச்சைக் கூழ். ஏரியின் ஓரமெல்லாம் அதே நிறம். ஊர்க் குழாய்களிலோ வாடை இல்லை. சட்டைக் கறை பற்றி மூன்று புகார், அவ்வளவுதான். தலைமைப் பொறியாளர் நேரில் வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜாடியைப் பார்த்தார்.

"இருபத்து நாலு டிகிரின்னு காதுல விழுந்ததுமே எனக்குத் தெரியும்மா."

"நானும் அன்னைக்கே நினைச்சேன் சார்" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

அதிகாரிக்குச் சுருக்கென்றது. காகிதத்தை எடுக்க மேசை இழுப்பறையைத் திறக்கப் போனாள். அப்பவே சார் அதன் மேல் கை வைத்தார்.

"விடும்மா" என்றார் மெதுவாக. அதுவரை அவர் அவளை மேடம் என்று மட்டுமே அழைத்திருந்தார். "சொல்லிட்டுப் போகட்டும். பயந்துக்கிட்டு எழுதினவன் ஒருத்தன்தானே."

இப்போதெல்லாம் திங்கட்கிழமைதோறும் அந்த வாரம் எந்தப் பாசி ஜெயிக்கும் என்று எழுதி, தானே சுவரில் ஒட்டுகிறார். பாதி தப்பாகிறது. தப்பானதையும் கிழிப்பதில்லை.

அது சரி, நீங்கள்? அவர் சரியாகத்தான் எழுதுவார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா? எந்த வரியில்? ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடாவது போட்டு வைத்தீர்களா? இல்லையா? பரவாயில்லை. அந்த ஆய்வகத்தில் அவருடைய பழைய பதவி காலியாகத்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நேற்றோடு முடிந்துவிட்டது. அது உங்களுக்குத்தான் முன்பே தெரிந்திருக்குமே.