காக்வேலிக் கழகத்தின் கடைசி விசில்

கருங்கடலுக்கும் பனிமலைக்கும் நடுவே, நிலப்படம் வரைகிறவர்கள் மை தீர்ந்து விட்டுவிட்ட இடத்தில், கார்த்துலா என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரே ஆற்றை நம்பி இரண்டு ஊர்கள். காக்வேலியில் திராட்சைத் தோட்டங்கள், மேற்கோட்டையில் பிரபுக்களின் மாளிகைகள். மதகை யார் திறப்பது என்று இரண்டு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்த பழைய அரசர் ஒருவர், ஊருக்கொரு கால்பந்துக் கழகம் வைத்துக்கொடுத்தார். ஆண்டுக்கொரு ஆட்டம், ஜெயிக்கிற ஊருக்கு மதகுச் சாவி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

காக்வேலிக் கழகத்தின் வரலாறு அன்றைக்குத் தொடங்கியது. அரசர்கள் ஆண்டவரை அது ‘மன்னர் பாதக் கழகம்’. அரசர்களைத் துரத்தியவர்கள் ‘உழைப்பாளர் கழகம்’ என்றார்கள். அவர்களைத் துரத்தியவர்கள் ‘விடுதலைக் கழகம்’ என்றார்கள். பெயர் மாறும்போதெல்லாம் பழைய சட்டைகளையே சாயத்தில் முக்கி எடுத்ததால், அவை இப்போது என்ன நிறம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை. ஊர்க்காரர்கள் எந்தப் பெயரையும் சொல்லிக் கத்தியதுமில்லை. மலைச்சரிவில் தோட்டத்துக்குத் தோட்டம் விரலை வாயில் வைத்து விசிலடித்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். மைதானத்திலும் விசில்தான்.

கழகத்தின் கோல்கீப்பர் ஓத்தார். அவன் தோட்டம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. சாவி காக்வேலியில் இருக்கும் ஆண்டில் அவன் கொடிகளுக்குத் தண்ணீர் கடைசியாக வரும். சாவி மேற்கோட்டையில் இருக்கும் ஆண்டில் வரவே வராது. ஆகவே அவன் பந்தைத் தடுப்பதில் ஊர்ப்பற்று எதுவும் கலந்திருந்ததாகச் சொல்ல முடியாது.

இப்படியிருக்கையில் மேற்கோட்டைக்காரரான நுக்ஸார் பிரபு விளையாட்டு மந்திரியானார். பதவியேற்ற கையோடு மனச்சாட்சிச் சட்டம் கொண்டுவந்தார்.

“மனிதனின் மனச்சாட்சி இடைவேளை வரை காத்திருக்குமா? காத்திருக்காது” என்று அவையில் உருகினார். “ஆகவே ஆட்டக்காரர் எவரும் எந்த நேரத்திலும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அணி மாறலாம். கோல் என்பது போட்டவரின் உழைப்பு. கடைசி விசில் கேட்கும் வேளையில் அவர் எந்த அணியில் இருக்கிறாரோ, அவர் போட்ட கோலும் அந்த அணிக்கே.”

அவை மேசையைத் தட்டியது. அந்த ஆண்டு காக்வேலியின் கேலா இரண்டு கோல் போட்டான். ஊரே விசிலடித்து ஓய்ந்த நேரத்தில் ஓரமாகப் போய்ச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். கோல்கள் இரண்டும் அவனோடு போயின, சாவியும் போயிற்று. ஒரு பந்தைக்கூட உள்ளே விடாமல் தோற்ற கோல்கீப்பர் என்ற பெருமை ஓத்தாருக்குக் கிடைத்தது.

கேலாவுக்கு நானோ என்றொரு அக்கா. அவள் அவனை மைதான வாசலிலேயே மடக்கினாள்.

“ஏண்டா, சட்டையத் திருப்பிப் போட்டா அழுக்கு போயிடுமா?”

“நான் அணி மாறலக்கா. அணிதான் என்னை விட்டு நகர்ந்து போச்சு.”

“நகரும் நகரும். சம்பளம் இருக்கிற பக்கமா நகரும்” என்றவள் ஓத்தாரைப் பார்த்தாள். “உன்னை யாரும் கூப்பிடலையா?”

“நான் கோலே போட்டதில்லையே அக்கா. வெறுங்கையக் கூப்பிட்டு என்ன பண்ணுவாங்க?”

சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த ஆணை, பார்வையாளர் பற்றியது. அணி மாறுகிறவரைப் பார்த்து விசிலடிப்பது மனச்சாட்சியை அவமதிப்பதாகும். எனவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் வாயில் ஒரு சோளக்கதிரைக் கவ்விக்கொண்டு உட்கார வேண்டும். கதிரை அரசுக் கடையில்தான் வாங்க வேண்டும். அதற்கு வரி உண்டு.

அதற்கடுத்த ஆணை, தண்ணீர் பற்றியது. மேற்கோட்டை மனமிரங்கிக் கசியவிடும் தண்ணீருக்குக் காக்வேலி நன்றி வரி கட்ட வேண்டும். தண்ணீர் வராத தோட்டத்துக்கு? “நன்றி என்பது எதிர்பார்ப்பில்லாத உணர்வு” என்று மந்திரி விளக்கினார். ஓத்தார் வராத தண்ணீருக்கு நன்றி கட்டினான். கொடிகள் காய்ந்து கயிறாயின. இன்னும் ஒரு கோடை தாங்காது என்று நானோ அவன் காதுபடவே சொன்னாள்.

அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கு மந்திரி புதிய சலுகை ஒன்றை அறிவித்தார். வெற்றிக் கோலைப் போடுகிறவரின் தோட்டத்துக்கு முதல் தண்ணீர். அறிவிப்பு முடிவதற்குள் காக்வேலியின் பத்துப் பேரும் சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கழகத்தில் ஒருவன் மிச்சமிருந்தாலும் கழகம் உண்டு என்பது பழைய அரசரின் விதி. அந்த ஒருவன் ஓத்தார். அப்போதும் அவனை யாரும் கூப்பிடவில்லை.

இருபத்தொரு பேரும் அவன் முன்னால் திரண்டார்கள். ஒருவன் உதைக்கப் போனால் இன்னொருவன் காலைப் பிடித்து இழுத்தான்.

“விடுடா, நான் போடுறேன்.”

“நீ நேத்து வந்தவன். நான் பரம்பரை மேற்கோட்டை.”

“என் காலை ஏண்ணே மிதிக்கிறீங்க? நாம ஒரே அணி.”

“ஒரே அணிங்கிறதாலதான் மிதிக்கிறேன். எதிரணின்னா பாஸ் குடுத்திருப்பேன்.”

அந்தத் தள்ளுமுள்ளில் பந்து நழுவி ஓத்தாரின் கைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தான். மைதானம் காலி. மேற்கோட்டையின் கோல்கீப்பரும் முதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டு இங்கேதான் மூச்சிரைத்து நின்றிருந்தான். ஓத்தார் ஓங்கி உதைத்தான். பந்து இரண்டு மூன்று முறை துள்ளி, பின் உருண்டு, வீட்டுக்குப் போகும் ஆடு மாதிரி எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் புகுந்தது.

சோளக்கதிர்களுக்குப் பின்னால் ஊர் ஊமையாகக் குதித்தது.

நேரம் முடிந்தது. நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோய் மந்திரியைப் பார்த்தார். மந்திரி தலையை ஆட்டினார், கூடாதென்று. “ஆட்டம் இன்னும் பக்குவப்படவில்லை. அது பக்குவப்படும்வரை சாவி அரசின் பொறுப்பில், அதாவது என்னிடம், இருக்கும்.”

பொழுது சாய்ந்தது. யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று ஆணை வந்தது. மறுநாளும் ஆட்டம் நடந்தது. அதற்கு மறுநாளும் நடந்தது. நுக்ஸார் பிரபு தாமே மைதானத்தில் இறங்கி ஓத்தாரின் தோளில் கை போட்டார்.

“தம்பி, உன் கொடி கருகுதாமே. கேட்டதும் எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

“ஆமாம் பிரபு.”

“இப்போ உன்கிட்ட ஒரு கோல் இருக்கு. நீதான் போட்டது, உன் உழைப்பு. அதை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா. முதல் தண்ணி கடைமடைக்கு. உன் மடைக்கு.”

வாழ்நாளில் அவனை யாராவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓத்தார் தன் தோட்டம் இருந்த சரிவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவன் கைகள் மெல்லச் சட்டையின் கீழ்விளிம்புக்குப் போயின.

முன்வரிசையில் நானோ எழுந்தாள். வாயிலிருந்த கதிரை எடுத்து மடியில் பத்திரமாக வைத்தாள், வரி கட்டிய பொருளாயிற்றே. இரண்டு விரலை நாக்குக்கடியில் கொடுத்து, சரிவுக்குச் சரிவு கேட்கிற மாதிரி ஒரே விசில்.

“யார் ஊதியது?” என்றார் மந்திரி. “நடுவரே, அது செல்லாது.”

நடுவர் சட்டம் படித்தவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “‘கடைசி விசில் கேட்கும் வேளையில்’ என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, பிரபு. யார் ஊத வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லை. எனக்குக் கேட்டது.”

அதற்குள் மேலே பார்வையாளர் வரிசைகளில் கதிர்கள் ஒவ்வொன்றாக உதிரும் சத்தம் தொடங்கியிருந்தது.

விசில் கேட்டபோது ஓத்தாரின் சட்டை தொப்புள் வரைக்கும் உயர்ந்திருந்தது. உள்பக்கம் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.