நாளைக்கு டாக்டரிடம் சொல்லவேண்டிய தலைவலி

எருத்தேம்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்வப்பிரியாவுக்கு அப்பா பொங்கியண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் செவலைப் பசுவும் சுகம், என் தலை ஒன்றைத் தவிர. திருப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

நாளைக்கு ஜிஷா டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாய். போன தடவை நடந்ததுதான் தெரியுமே. உள்ளே போனதும் அந்தம்மா சிரித்துக்கொண்டே மலையாளத்தில் "சுகமாணோ?" என்றார். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் மரியாதையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வருமா? "சுகமுங்க, நீங்க சுகங்களா?" என்று கேட்டுவிட்டேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு மண்டை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. "இன்னமும் கடைல வாங்கற தலைவலி மாத்திரையவே முழுங்கிட்டிருந்தா கிட்னி போயிருமுங்கப்பா" என்று நீ வேறு சொல்லிவிட்டாய்.

அதனால் இன்று வீட்டில் ஒத்திகை பார்த்தோம். உன் அம்மாதான் டாக்டர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு "எந்தா பிரச்னம்?" என்றாள். மாட்டு டாக்டர் ஜின்சனிடம் பேசியே பழகிய வாய் பார், "தீவனம் எடுக்குதுங்க, அசையும் போடுதுங்க, சாணிதான் கொஞ்சம் இளகுனாப்பல போடுதுங்க" என்று தானாக ஓடிவிட்டது. "அப்ப வாலைத் தூக்குங்க, ஊசி போடோணும்" என்றாள் உன் அம்மா.

மறுபடி ஆரம்பித்தோம். எந்தப் பக்கம் வலிக்கிறது? மண்டைக்கு ஏது பக்கம், கண்ணு? பேப்பர் படித்தால் மொத்தமாக வலிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அம்மாவோ, "இடது பக்கம்னு சொல்லுங்க. கண்ணுக்குப் பின்னால ஆணி அடிக்கறாப்பல இருக்கும். வெயில் பட்டா ஆகாது, தாளிக்கற வாசம் ஆகவே ஆகாது, வாந்தி எடுத்தாத்தான் அடங்கும்னு சொல்லுங்க" என்கிறாள். நான் என்றைக்குத் தாளித்தேன்? தடவித் தடவிப் பார்க்கிறேன், ஒன்றும் என் தலைக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் இத்தனை சுத்தமாக எனக்குச் சொல்ல வராது. அவள் சொன்னதையே மனப்பாடம் செய்துவிட்டேன். சரியா தப்பா என்று பார்த்துச் சொல்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரன் நல்ல கண்ணும் நல்ல தலையுமாக வளரட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப் போன அப்பா.

பின்குறிப்பு: அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். தாளிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "அது எனக்கு வர்றதுங்க" என்றாள். எப்போதிருந்து? "செல்வி பொறந்ததுலருந்து." ஏன் சொல்லவில்லை? "நீங்க எப்பக் கேட்டீங்க? செவலை செருமுனா மட்டும் ஜின்சனுக்குப் போன் போடத் தெரியுது." ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து டோக்கனை உன் அம்மா மயிலாத்தாள் பெயருக்கு மாற்றிவிட்டேன். நான் துணைக்குப் போகிறேன். வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. எனக்குக் கண்ணாடிக் கடை போதுமாம். ஆகவே மேலே தலைவலி என்று வரும் இடத்திலெல்லாம் அம்மாவுடையது என்று படித்துக்கொள். சாணி மட்டும் செவலையுடையது.