தபாலில் வந்த கத்தரி விதைகள்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு உரிமை உண்டென்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். இப்படி ஒரு கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒன்றரை மாதத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய விதைப் பொட்டலம் வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் இருக்குமோ என்று உறையை நான்கு பக்கமும் பிரித்துப் பார்த்தோம். பொட்டலத்தின்மேல் ‘வீட்டுக் கத்தரி. தட்டில் போடவும்’ என்றிருந்தது, அவ்வளவுதான். “மூணு வருஷம் கழிச்சு நாலு வார்த்தை. அதுல என் பேரு இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் அச்சகத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் சாயந்திரம் நான் வீடு திரும்பியபோது பொட்டலத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் “தும்மல் வருது” என்றாள். கண் சிவக்கிற தும்மலை அன்றுதான் பார்த்தேன். இந்த விதையை முளைக்க வைத்து, செடியும் காயுமாக அவள் முன்னால் நிறுத்துவது என் பொறுப்பு என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாமா, நான் லிப்ட் மெக்கானிக். ஒரே நேரத்தில் எட்டுப் பேரைப் பத்தாவது மாடிக்கு ஏற்றத் தெரியும். ஒரு விதையை அரை அங்குல மண்ணுக்கு மேலே கொண்டுவரத் தெரியவில்லை. ‘தட்டில்’ என்று நீங்கள் எழுதியதைச் சாப்பாட்டுத் தட்டு என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் தப்பு. எவர்சில்வர் தட்டில் மண்ணைப் பரப்பி, பாதி விதையைத் தூவி, தண்ணீர் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தேன். தண்ணீர் வடிய ஓட்டை இல்லை, மூன்றாம் நாள் அது குட்டையாகி விதையெல்லாம் மிதந்தது, மிதந்ததை ஒரு புறா வந்து அவசரமே இல்லாமல் பொறுக்கித் தின்றது, மறுநாள் ஜோடியையும் கூட்டிக்கொண்டு வந்தது. பதறிப்போய் நர்சரிக்கு ஓடி, குழித்தட்டு என்று ஒன்று தனியாக இருப்பதைத் தெரிந்துகொண்டு வாங்கி வந்து, மீதி விதையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு, புறா வராமலிருக்கக் கொசுவலையை மேலே இழுத்துக் கட்டினேன். கீழ்வீட்டுப் பல் டாக்டரின் பூனை அதைத் தனக்குக் கட்டிய தொட்டில் என்று நினைத்துப் படுத்துக்கொண்டது. டாக்டரிடம் முறையிட்டேன். “பூனை படுத்தா சூடு கெடைக்கும். முளைக்கிறதுக்கு நல்லதுதானே?” என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று இரண்டு நாள் அதை எழுப்பாமல் விட்டேன். மூன்றாம் நாள் நானே கம்பிவலையில் கூண்டு செய்து தட்டை மூடினேன். பூனை போயிற்று, எறும்பு வந்தது. தட்டின் நான்கு மூலைக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். பன்னிரண்டு நாள் காவல் காத்தும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

திரும்ப நர்சரிக்காரரிடம் போனேன்.

“எவ்வளவு ஆழத்துல போட்டீங்க?”

“ஒரு விரல்.”

“விரல் கனமா, விரல் நீளமா?”

“நீளம்.”

“சார், நீங்க விதைக்கல. அடக்கம் பண்ணியிருக்கீங்க.”

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு குழியாகக் கிளறி, அழுகாமல் கிடைத்த நான்கை மேலாக வைத்து மண்ணைத் தூவினேன். இரண்டு முளைத்தன. மாமா, அந்த இரண்டு இலையைப் பார்த்த அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டேன். வெயில் படக்கூடாது, காற்று படக்கூடாது என்று அவற்றை மாடிப்படி அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். வெளிச்சத்தைத் தேடி அவை நூல் நூலாக நீண்டு, நேற்றுக் காலையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

இத்தனை நாளில் விதை என்னவாயிற்று என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: இன்னொரு பொட்டலம் அனுப்புங்கள், வீட்டுக்கு வேண்டாம், என் ஒர்க்ஷாப் விலாசத்துக்கு. அதே நான்கு வார்த்தை போதும். முடிந்தால் ஐந்தாவதாக அவள் பெயர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் பதில் எப்படி இருந்தாலும் தாங்கிக்கொள்ளும்,

மருமகன் (ஆட்சேபம் இருந்தால் அடித்துவிடவும்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடும்போது மாட்டிக்கொண்டேன். முழுவதும் படித்தாள். “உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சுட்டேன்” என்றாள். அச்சகத்தின் பின்பக்க ஜன்னலில் பதினோரு நாற்று நிற்கின்றனவாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், விதையும் அனுப்ப வேண்டாம். இனி வரும் கையெழுத்து என்னுடையதல்ல.

அப்பா, எல்லாம் நாலு இலை விட்டாச்சு. எடுத்து நடுறதுக்குப் பயமா இருக்கு. செடிக்குச் செடி எவ்வளவு எடம் விடணும்? கடுதாசில சொன்னா வந்து சேர நாளாகும். போன் பண்ணுங்க. நான் நம்பர் மாத்தல.