பதினேழாம் எண் சலவைக்கூடத்து யானை

அறிவில் என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்த அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் என் முழங்கால் வலியும் மூவரும் நலம். நீயும் உன் அம்மாவான என் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் நீ வீட்டுக் குழுவில் ஒரு படம் அனுப்பினாயே, மாநிலம் இன்றைக்கு எவ்வளவு புகை விடுகிறது, இப்படியே விட்டால் இருபத்தைந்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று. அதில் மற்றக் கோடுகள் எல்லாம் முழங்கால் வலிக்காரன் மாடிப்படி ஏறுவதுபோல மெள்ள ஏற, ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் சுவரேறிக் குதிக்கிற ஆடு மாதிரி தாளை விட்டே வெளியே போனதே, அது நான்தான்.

கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘சலவைத் தொழில், மாதிரிக்கூடம் எண் 17’ என்று போட்டிருந்தாய். உனக்கு அது ஒரு எண். எனக்கு அது பதினெட்டு வருடமாகக் கரி அள்ளிப் போடுகிற இடம். மாநிலத்தின் புகையைக் கணக்கெடுக்கும் உங்கள் ஆபீசிலிருந்து ஏழு வருடமாக, வருடத்துக்கு ஒன்றாக வரும் படிவத்தில் பெயர் இருக்காது, அந்த எண்தான் இருக்கும். இந்த வருடம் எத்தனை டன் கரி எரித்தீர்கள் என்று ஒரே கேள்வி. முதலாளி அதை என்னிடம் நீட்டி, “யானைக்குத் தீனி போடுறவன் நீதானே, நீயே எழுது” என்றார். யானை என்பது எங்கள் கொதிகலன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன், உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. அப்படிப்பட்டவனிடம் அரசாங்கமே ஒரு எண் கேட்கிறது என்றதும் தலை கொஞ்சம் கனத்துப்போனது. முதல் வருடம் நேர்மையாக எண்ணி நானூறு என்று எழுதினேன். மறுவருடம் எழுத உட்கார்ந்தபோது இஸ்திரி மேஸ்திரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “ரெண்டு வருஷமும் ஒரே எண்ணை எழுதினா சோதிக்க ஆள் அனுப்புவாங்கய்யா, கொஞ்சம் ஏத்திப் போடு” என்றார். எவ்வளவு ஏற்றுவது? எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. கடைசி இலக்கத்தை விரலால் மறைத்துவிட்டு, மிச்சம் தெரிகிற எண்ணை எடுத்து முழு எண்ணோடு கூட்டுவது. நானூறு நானூற்று நாற்பது ஆனது, அப்புறம் நானூற்று எண்பத்து நாலு, இப்படியே ஏழாவது வருடம் எழுநூற்று ஏழு. கையில் ஒரு விரல் இருந்தால் போதும், மாநிலத்தையே புகைய வைக்கலாம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நாலாவது வருடமே எங்களுக்கு மின்சார இயந்திரம் வந்துவிட்டது. மின்சாரம் போனால்தான் யானையை எழுப்புவோம், மற்ற நாளில் அதன் முதுகில் தலையணை உறை காய்கிறது. ஆனால் படிவத்தில் மட்டும் அது வருடாவருடம் கொழுத்துக்கொண்டே போனது. போன வருடம் யானை உண்மையில் தின்றது பன்னிரண்டு டன்.

இதெல்லாம் ஒரு மூலையில் கிடந்து மக்கிப்போகும் என்றுதான் இருந்தேன். அக்கா போன் பண்ணி விளக்கினாள். மாநிலத்தில் முந்நூறு சலவைக்கூடமாம், நாலைத்தான் கேட்டீர்களாம். இரண்டு மூடியாச்சு, ஒன்று பதிலே போடவில்லை, தேதி தவறாமல் பதில் போட்டது பதினேழு மட்டும்தானாம், அதனால் அதையே முந்நூறால் பெருக்கிவிட்டீர்களாம். ஆக, நேரம் தவறாமல் பொய் சொன்னவன் மாநிலத்திலேயே நான் ஒருவன்தான். “இவ்வளவு ஒழுங்கா வளர்ற தொழிலை நான் பார்த்ததே இல்லம்மா” என்று நீ வேறு சொன்னாயாம். அக்கா பெருமையோடு சொல்கிறாள், நான் அந்த விரலைச் சட்டைப்பைக்குள் ஒளிக்கிறேன்.

அடுத்து அவள் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை நீ பெரிய அதிகாரிகள் முன்னால் நின்று இதைப் படிக்கப்போகிறாய், அவர்கள் ஒப்புக்கொண்டால் இதுதான் அடிப்படைக் கணக்கு, இனி இருபத்தைந்து வருடத்துக்கு யார் எவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்பதை எல்லாம் இதிலிருந்துதான் அளப்பார்கள் என்றாள். சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம், அஸ்திவாரம் கோணினால்? நீ வேலையில் சேர்ந்து எட்டு மாதம், இது உன் முதல் அறிக்கை. நாளைக்கு ஒருவர் வந்து யானை முதுகில் தலையணை உறையைப் பார்த்தால் சிரிப்பு என்னைப் பார்த்து வராது, உன்னைப் பார்த்து வரும். மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் நீ எடுத்தவுடன் “அங்கே மழையா?” என்று கேட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை நீ, “மாமா, நீங்க வானிலை ஆபீசில சேர்ந்துட்டீங்களா?” என்றாய். உன் அத்தையிடம் சொன்னேன். “வீட்டுல சிலிண்டர் தீர்ந்துச்சான்னு கேட்டா உங்களுக்குத் தெரியாது, மாநிலத்துக்கே கணக்குக் குடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, சிரித்த சிரிப்பில் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவளே, “வாயால சொல்ல வரலைன்னா எழுதுங்க, அந்தப் பொண்ணு தலைகுனியக் கூடாது” என்றாள்.

பயப்படாதே. உன் மாமா முழு மோசக்காரன் இல்லை. ஏழு வருடமாக ஒரு நோட்டில், உள்ளே போகும் ஒவ்வொரு தள்ளுவண்டிக் கரிக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஒரு வண்டி நூறு கிலோ. படிவம் பொய், கோடு பொய் இல்லை. வேறு சாட்சி கிடையாது, அதனால் அந்த நோட்டையே இத்துடன் வைத்து, போர்வை இறக்க உன் ஆபீஸ் பக்கம் வரும் வண்டி டிரைவரிடம் புதன்கிழமை கொடுத்தனுப்புகிறேன். எண்ணிப் பார்த்து, அந்த ஆட்டைச் சுவரிலிருந்து இறக்கிவிடு. யார் செய்தது என்று கேட்டால் என் மாமாதான் என்று தாராளமாகச் சொல். வெட்கப்பட வேண்டியவன் இங்கே இருக்கிறேன், நீ எதற்கு அதில் பங்கு கேட்கிறாய்?

உன் கோடுகள் எல்லாம் இறங்குமுகமாகவும் உன் சம்பளம் மட்டும் ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமா.

பின்குறிப்பு: இன்று புதன், காலை. கடிதத்தை ஒட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிப் போர்வை மதியத்துக்குள் வேண்டும் என்பதால் முதலாளி யானையை எழுப்பச் சொன்னார். நான் கரி அள்ளப் போயிருந்தேன். விறகு நனைந்திருந்ததால், இஸ்திரி மேஸ்திரி மேசைமேல் காய்ந்து கிடந்த நோட்டைக் கிழித்துப் பற்றவைத்தார். நன்றாகப் பற்றியது. அட்டை மிஞ்சியது, அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்மேல் ‘பத்திரம்’ என்று இருப்பது என் கையெழுத்து. இன்று எரித்தது பதினோரு வண்டிக் கரி, ஒரு நோட்டு.