வலிக்கவே இல்லை டாக்டரய்யா

வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதை நான் ரொம்பக் காலம் கௌரவக் குறைச்சலாகவே நினைத்திருந்தேன். கரும்புச் சோகை கையைக் கிழித்தாலும் சரி, மாடு காலை மிதித்தாலும் சரி, என் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. நாலு பிள்ளை பெற்றேன். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பெற்றேன். (இதை நான் சொல்லாத கல்யாண வீடு எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் கிடையாது.) அந்தப் பெருமைதான் என் மூத்த மகள் செல்வியின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம் செல்வியைப் பெண் கேட்டு, பேசி முடித்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை பரிசம். மாப்பிள்ளையின் அம்மா பாக்கியமும் நானும் சேலை எடுக்க மதுரைக்குப் போனோம். பாக்கியம் ஒல்லியான பொம்பளை, கண் மட்டும் பருந்துக் கண். நான் ஒரு சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அவள் சேலையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"என்ன மதினி, முழங்கைக்கு மேல வெள்ளையா ஒரு படை?"

"தேமல் மதினி. வேர்வைக்கு வந்திருக்கு."

"தேமல்னா சரி" என்றாள். ஆனால் சரி என்கிற முகம் இல்லை அது. (அந்தக் காலத்தில் தோலில் வெள்ளையாக எது தெரிந்தாலும் சனங்களுக்குப் பெருவியாதி நினைப்புதான் வரும். அந்தப் பேர் விழுந்த வீட்டில் பெண் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள்.) கடை கடையாக ஏறி இறங்கினோம். எந்தச் சேலையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கோ ஒரு இடத்தில் நிற்கமுடியவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடுகிறேன், அது நழுவுகிறது, மறுபடியும் இழுக்கிறேன்.

கடைசியில் அவளே ஆரம்பித்தாள். "எங்க டாக்டரு பக்கத்துத் தெருவுலதேன் இருக்காரு. ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?"

மாட்டேன் என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். "வாங்க, போவோம்" என்று நானே முன்னால் நடந்தேன்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடச் சொன்னார். ஒரு குண்டூசியை எடுத்தார். "குத்தும்போது வலிச்சா சொல்லுங்கம்மா."

எதற்குக் குத்துகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும்? என் திடத்தைத்தான் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அதுவும் சம்பந்தி முன்னால்!

"வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்சம் அழுத்தினார். "இப்ப?"

"ம்ஹூம்."

உயிர் போனது. கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தேன். "நல்லாக் குத்துங்க டாக்டரய்யா. நாலு பிள்ளை பெத்த உடம்பு. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல."

டாக்டர் ஊசியை வைத்துவிட்டார். குரல் திடீரென்று மெத்தென்று ஆகிவிட்டது. "பயப்படாதீங்கம்மா. படையில உணர்ச்சி இல்லைன்னா தொழுநோயா இருக்கலாம். இப்ப நல்ல மருந்து இருக்கு, குணமாயிரும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

பெஞ்சில் என்னோடு ஒட்டி உட்கார்ந்திருந்த பாக்கியம், எழுந்திருக்காமலே அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"டாக்டரய்யா, வலிச்சுச்சு!"

"எப்ப?"

"மொதக் குத்துலயே!"

"அப்புறம் ஏன் இல்லைன்னீங்க?"

"அது... சும்மா ஒரு இதுக்கு."

அவர் நம்பவில்லை. "சரி, கண்ணை மூடுங்க. திரும்பப் பார்ப்போம்."

இந்தத் தடவை விடக்கூடாது என்று இறுக்கி மூடினேன். "ஆத்தாடி, வலிக்குதே!" என்று அலறினேன்.

"அம்மா, நான் இன்னும் ஊசியவே எடுக்கல."

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பரிசத்துக்கென்று செல்விக்கு எடுக்க வந்த சேலை என் கண்முன்னால் வந்து நின்றது. டாக்டரைக் கும்பிட்டு மன்றாடிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து யாரோ அந்தப் படையின் மேலேயே சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினார்கள்.

"அடி சண்டாளி! எடுடி கைய, மூதேவி!" என்று தெருமுனைவரை கேட்கக் கத்திக்கொண்டு திரும்பினால், நிற்கிறாள் என் சம்பந்தி.

பாக்கியம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "டாக்டரே, மதினிக்கு உணர்ச்சி நல்லாத்தேன் இருக்கு" என்றாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே சொல்லாமல் கொள்ளாமல் இன்னும் நாலு இடத்தில் குத்தினார். ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன். படையைச் சுரண்டினார், மாவு மாதிரி உதிர்ந்தது. "தேமல்தாம்மா" என்று களிம்பு எழுதித் தந்தார்.

தெருவில் இறங்கியதும் நான், "வாய் தவறி மூதேவின்னுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க மதினி" என்றேன்.

"அது கெடக்கட்டும். கிள்ளுனது வலிச்சுச்சா?"

'சேச்சே, அதெல்லாம் இல்ல' என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல் என் கைப்பக்கம் நீள்வது தெரிந்தது. "வலிச்சுச்சு" என்றேன்.

பரிசம் நல்லபடியாக நடந்தது. செல்விக்கே இப்போது பேரன் இருக்கிறான். போன மாதம் முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இளவட்ட டாக்டர் ஒருத்தர் வந்து காலை அமுக்கி, "வலிக்குதா பாட்டி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பாக்கியம் எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"அவுககிட்டக் கேக்காதீங்க டாக்டரே. கொஞ்சம் தள்ளுங்க, நான் பாக்குறேன்."